ஏர்பேக் விளக்கு அணையாவிட்டால்



காரில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் பல விளக்குகள் எரியும். அவற்றில் ஒன்றில், உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் ஒரு பந்து இருப்பது போலப் படம் இருக்கும். அதுதான் ஏர்பேக் விளக்கு. சில நொடிகள் எரிந்துவிட்டு அது அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால், ஏர்பேக் சர்க்யூட்டில் எங்கோ கோளாறு. சாவி போட்டதும் எரியவே இல்லையா? அதையும் விடக்கூடாது. பழைய கார் வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். விளக்கை யாராவது பிடுங்கியிருக்கலாம்.

ஏர்பேக் என்பது ஸ்டீயரிங் நடுவில் மடித்து வைத்திருக்கும் துணிப்பை. வண்டி முன்புறமாகப் பலமாக மோதினால், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரம் அனுப்பும். பைக்குப் பின்னால் உள்ள சிறு மருந்து பற்றும். வாயு நிரம்பிப் பை விரியும். கண் இமைப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும். சீட் பெல்ட்டும் போட்டிருந்தால்தான் பையால் முழுப் பயன். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், மோதும்போது பை விரியாமல் போகலாம். வண்டி வழக்கம்போல ஓடும். அதனால்தான் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை.

ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் விளக்கு அணையவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. ஓட்டுநர் ஒரு பட்டறைக்குப் போகிறார்.

"ஹாரனுக்குத் தனி ஸ்விட்ச் வைத்துவிடலாம். விளக்கைப் பிடுங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்கிறார் அங்குள்ளவர். செலவு குறைவு. ஓட்டுநருக்கு மனம் ஒப்பவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் போகிறார்.

"அண்ணே, இரண்டு கோளாறு" என்கிறார்.

"இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் தம்பி" என்கிறார் மெக்கானிக்.

எப்படி? ஸ்டீயரிங் சுற்றும். அதற்குள் போகும் ஒயர் முறுக்கி அறுந்துவிடக் கூடாது. அதற்காக மெல்லிய பட்டை ஒயரைச் சுருட்டி ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். கிளாக் ஸ்பிரிங் என்று பெயர். ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் போவது அதன் வழியாகத்தான். நாளாவட்டத்தில் பட்டை அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஆனால் மெக்கானிக் ஊகத்தோடு நிற்கவில்லை. ஸ்கேனரைப் பொருத்துகிறார். ஓட்டுநர் பக்க ஏர்பேக் சர்க்யூட் அறுந்திருப்பதாகக் காட்டுகிறது. பிறகு சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுகிறார். உடனே கை வைப்பதில்லை. விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டுமே! அதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டி கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அது வடிய வேண்டும். எத்தனை நிமிடம் என்று அந்தந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும்.

பையைக் கழற்றி, விரியும் பக்கம் மேலே இருக்கும்படி தனியே வைக்கிறார். அதைச் சாதாரண மீட்டராலோ டெஸ்ட் விளக்காலோ சோதிக்கக் கூடாது. அந்தச் சிறு மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம். பைக்குப் பதிலாக அதே அளவு, ஏறக்குறைய 2 ஓம் ரெசிஸ்டரைப் பொருத்துகிறார். பேட்டரியை இணைத்துப் பார்த்தால் கோளாறு அப்படியே இருக்கிறது. அப்படியானால் பை நல்ல பை. மறுபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள மஞ்சள் கப்ளரில் ரெசிஸ்டரை மாற்றுகிறார். இப்போது அறுப்பு காட்டவில்லை. கிளாக் ஸ்பிரிங்தான் போயிருக்கிறது.

சோதனைக்கான இதே ரெசிஸ்டரைச் சிலர் நிரந்தரமாகவே விட்டுவிடுவதும் உண்டு. விளக்கு அணைந்துவிடும். பை மட்டும் விரியாது. விளக்கைப் பிடுங்குவதைவிட இது மோசம். வண்டிக்காரர் நம்பி ஓட்டுவார்.

கிளாக் ஸ்பிரிங்கைப் பற்றவைத்துச் சரிசெய்வது கூடாது. புதிதுதான் போட வேண்டும். போடும்போது சக்கரங்கள் நேராகவும், சுருள் நடுவிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது புதுப் பட்டையும் அறுந்துவிடும்.

ஹாரன் நன்றாக அடித்து, ஏர்பேக் விளக்கு மட்டும் எரிந்தால் வேறு இடங்களையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் சீட்டுக்கு அடியிலும் மஞ்சள் கப்ளர் இருக்கும். அங்கே பை, பாட்டில் திணித்தால் அது தளரும். கூட்டும்போதும் இழுபடும். அதைத் தொடும் முன்பும் பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் ஸ்கேனரில் பழைய பதிவை அழிக்கிறார். சாவியைத் திருப்புகிறார். விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைகிறது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்க, வலது பக்கம் முழுக்கத் திருப்பி, இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துப் பார்க்கிறார். அதன் பிறகே சாவியை ஓட்டுநர் கையில் கொடுக்கிறார்.