விளக்கும் குடமும்

(நெடுந்தீவில் எமது சங்கத் தோட்டப் பிரதிநிதிகளும் தீவின் கடற்றொழிலாளர் குடும்பங்களும் ஒன்றாக இருந்த வகுப்பில் ஆற்றிய உரை)



ஜேர்மனியில் ஹிட்லர் எப்படி வந்தான் என்று பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். பீரங்கியோடு வந்து ஆட்சியைப் பிடித்தான் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறுபது லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்த 1932இல், மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்திருந்த அவனை, 1933 ஜனவரி 30இல் ஜனாதிபதியே கூப்பிட்டுப் பிரதமர் ஆக்கினார். அடுத்த மாதம் பாராளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே பேச்சு, எழுத்து, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் அவசரகால ஆணையால் போயின. மார்ச் 23இல் பாராளுமன்றமே தன் அதிகாரத்தைச் சட்டம் இயற்றி அவன் கையில் கொடுத்தது. எதிர்த்தவர்கள் 94 பேர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சபைக்கு வரவே முடியாதபடி செய்யப்பட்டிருந்தது.

தொழிற்சங்கக்காரர் மறக்கக் கூடாத நாள் இனித்தான் வருகிறது. அந்த ஆண்டு மே தினத்தை ஹிட்லர் அரச விடுமுறை ஆக்கினான். பெரிய சங்கங்களின் தலைமை, ஊர்வலத்தில் போய்க் கலந்துகொள்ளுங்கள் என்று தொழிலாளரிடம் சொன்னது. சங்கம் தப்பிக்கும் என்ற நினைப்பு. மறுநாள் மே 2, சங்கக் கட்டடங்கள் எல்லாம் பறிபோயின. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள்.

சரி, அது தூர தேசம். நம்முடைய நாட்டுக்கு வருவோம்.

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்காளர் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் நம் பேர் வாக்காளர் இடாப்பில் இல்லை, ஆசனமும் இல்லை. தேயிலை மட்டும் வழக்கம்போலக் கப்பலேறியது. பெரும்பான்மை வாக்கால் ஒரு கூட்டத்தின் வாக்கைப் பிடுங்கலாம் என்று இந்தப் பாராளுமன்றம் முதலில் பழகிக்கொண்டது நம் முதுகில்தான்.

1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய பாதி வாக்கை வைத்துக்கொண்டு 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்தது. 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த 40,000 பேரளவில் வேலை இழந்தார்கள். அதே ஆண்டு சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் சட்டப்படி.

அடுத்த பொதுத்தேர்தல் 1983இல் வரவேண்டும். விகிதாசார முறையில் நடந்தால் அந்த 140 மிஞ்சாது என்பது ஜே.ஆர். ஜயவர்த்தனாவுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே தேர்தலே வேண்டாம், இருக்கிற பாராளுமன்றம் இன்னும் ஆறு வருஷம் இருக்கட்டுமா என்று மக்களைக் கேட்டார். அதற்கு முன் தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத பதவி விலகல் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். (லயத்தில் கடனுக்கு அடையாள அட்டையை அடகு வாங்கி வைக்கிறவர்களை நமக்குத் தெரியும். அதே வேலை.) நக்சலைட் சதி என்றார்கள். எதிர்த்துப் பிரசாரம் செய்த விஜய குமாரதுங்கா சிறையில்; ‘அத்த’ பத்திரிகை அச்சகத்துக்குச் சீல்; நாட்டில் அவசரகாலச் சட்டம்.

1982 டிசம்பர் 22. விளக்குக்குப் போட்டால் ஆம், குடத்துக்குப் போட்டால் இல்லை. படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் சின்னங்கள். ஆனால் விளக்கேற்றுவது நல்ல காரியமல்லவா என்று நினைக்கிற வீட்டில், எது லேசாகக் கைக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. 100க்கு 54க்குச் சற்று மேல் ஆம். இந்தத் தீவு அடங்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் 100க்கு 90க்கு மேல் இல்லை என்றே சொன்னார்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் சிலர் குடத்துக்குப் போட்டவர்களாக இருப்பீர்கள்.

மலையகத்தில் அப்போது பெரிய சங்கத்தின் தலைவர் அமைச்சரவையில் இருந்தார். பிரஜாவுரிமை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. அதைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. வாக்கில்லாமல் இருந்தவனுக்குத்தான் அந்த ஏக்கம் தெரியும். ஆனால் 1983 ஜூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, யார் விளக்குக்குப் போட்டான், யார் குடத்துக்குப் போட்டான் என்று எவனும் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. அந்தச் சத்தியத்தை எடுக்க மறுத்த வடக்கு, கிழக்கு உறுப்பினர்கள் ஆசனத்தை இழந்தார்கள்.

1985 மே 15 பற்றி இந்த ஊரில் நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குமுதினிப் படகில் போன உங்கள் பெண்களும் பிள்ளைகளும் கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அன்று இவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் எழுந்து கேட்க இந்த மாவட்டத்துக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. தேர்தல் நடக்காத பாராளுமன்றம் என்றால் இதுதான்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று எத்தனையோ பேர் வாக்குக் கேட்டு வென்றார்கள். அது இன்னும் இருக்கிறது.

தேநீருக்குப் பிறகு இடாப்புப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று பார்ப்போம். அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள், கலியாணம் முடித்துத் தோட்டம் மாறிய பெண்கள், கொழும்பில் கடையில் நிற்கிற பொடியன்கள், இவர்கள் பேர்தான் முதலில் விடுபடும். பேர்களை இந்தக் கொப்பியில் எழுதித் தாருங்கள்.