விளையாட்டுக் கணினி வாங்கும் பெற்றோருக்கு
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளிலும் நான் இந்த மேடை ஏறிப் பரிசு வாங்கியதில்லை. ஆகவே படிப்பைப் பற்றி நான் அறிவுரை சொல்வது அழகல்ல. பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். "பையன் கேம் விளையாட கம்ப்யூட்டர் கேட்கிறான். கையில இருக்கிறதோ கொஞ்சம். எதைப் பார்த்து வாங்குறது?"

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் இரண்டு தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தை உண்டியலில் சேர்த்து வைத்திருந்தான். அதோடு என் ஓவர்டைம் பணத்தையும் போட்டு ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் சுழன்றன. மயங்கிவிட்டோம். உள்ளே என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. கேட்டால், 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்ற வெட்கம். மூன்றாம் மாதம் ஓர் இரவு 'பட்' என்று சத்தம், கருகல் வாடை. பெட்டியோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத பவர் சப்ளை வெடித்து, மதர்போர்டையும் கொண்டுபோய்விட்டது. மகன் அழவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதன் பிறகே கேட்கக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றதைச் சொல்கிறேன்.

கடைக்குப் போகுமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: "என்ன கேம்ப்பா விளையாடப் போற?" மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு உடனே வேண்டாம். 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸருக்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருக்கிறது. கார்டைப் பிறகு கைவசம் பணம் வரும்போது சேர்க்கலாம். பெரிய விளையாட்டுகள்தாம் வேண்டுமென்றால், பெட்டிக்குள் போடும் பத்து வெள்ளியில் மூன்று நான்கு வெள்ளி கிராபிக்ஸ் கார்டுக்கே போகட்டும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை தொடக்கத்துக்குத் தாராளம். அதைவிடப் பெரிய திரைக்கு ஆசைப்பட்டால் கார்டுக்கும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிவரும்.

ரேம் 16 ஜி.பி. போதும். ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள், வேகம் கூடும். ஆனால் டி.டி.ஆர்.4 ரேம் டி.டி.ஆர்.5 மதர்போர்டில் பொருந்தாது. அதுபோலவே பிராசஸரும் மதர்போர்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெயருள்ள நிறுவனம், பல ஆண்டு உத்தரவாதம், இரண்டையும் பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வண்ண விளக்குகள் கடைசிதான்!

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகள் மலிவாகக் கிடைக்கும். வாங்குங்கள், தவறில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 14-10-2025-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த பிராசஸரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதையும் கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். கோலாலம்பூர் லோயாட் பிளாசா போன்ற இடங்களில் கடைகள் பல உண்டு. ஒரே பொருளுக்கு நாலு கடையில் விலை கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இரண்டாவது கணினியை நானும் மகனும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தே பூட்டினோம். உடம்பிலுள்ள நிலை மின்சாரம் போக, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். எல்லாம் முடித்துச் சுவிட்சைப் போட்டால், காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை! எனக்கு வியர்த்துவிட்டது. இதற்கும் பணம் போச்சா? மகன் கையேட்டைப் புரட்டிப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "அப்பா, திரை கேபிளை மதர்போர்டுல சொருகிட்டீங்க. கிராபிக்ஸ் கார்டுலதான் சொருகணும்." மாற்றிச் சொருகினோம். வெளிச்சம் வந்தது. அன்று அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

பெற்றோர்களே, கணினியைக் கூடத்தில் வையுங்கள். விளையாட நேரம் குறித்துக் கொடுங்கள். ஆனால் பூட்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாணவச் செல்வங்களே, தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டதற்கு என் மகனின் உண்டியல் விலை கொடுத்தது.