முதியோர் தம் இல்லத்திலேயே வாழ



இசையும் நாடகமும் நிகழவிருக்கும் மேடையில் முதுமையைப் பற்றிப் பேச வந்தோமே என்று எவரும் வருந்த வேண்டா. தலைநகருக்கு உத்தியோகம் தேடி வந்து, இச்சங்கத்தின் தொடக்க நாட்களில் வாடகை நாற்காலிகளைத் தம் தோளிலே சுமந்தவர்கள் இன்று லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிகளில் தனித்திருக்கின்றனர். பிள்ளைகள் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு நாவெழவில்லை. நாமும் ஒரு காலத்தில் தஞ்சையிலும் நெல்லையிலும் பெற்றோரை விட்டு ரயிலேறியவர்களே அல்லவா?

சென்ற மார்கழியில் நம் காலனியில் எண்பது கடந்த அம்மையார் ஒருவர் இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். டில்லிக் குளிரில், ஈரத் தரையில், விடியும் வரை கிடந்தார். காலையில் பாத்திரம் துலக்க வந்த பெண் கதவைத் தட்டி ஓய்ந்து கூக்குரலிட்ட பின்னரே நமக்குத் தெரிந்தது. பூட்டை உடைக்க ஆள் தேடியதில் மேலும் ஒரு மணி நேரம் கழிந்தது. முந்தின நாள் மாலைதான் நாம் அவர் வீட்டுப் படியேறிப் பொங்கல் விழாவுக்கு நன்கொடை வாங்கிச் சென்றிருந்தோம். 'தனியாக இருக்கிறீர்களா, அம்மா?' என்று கேட்கத் தோன்றவில்லை.

விரைந்து வந்த மகன் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதே வழி என்றார். அம்மையாரோ, "என் அடுப்பையும் துளசித் தொட்டியையும் விட்டு நான் வரமாட்டேன்" என்றார். இருவர் சொல்லும் நியாயமே. இடையில் நாம் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா என்று அன்றுதான் எண்ணத் தலைப்பட்டோம்.

செய்தவை சிறியவை. எதிர்வீட்டில் மாற்றுச் சாவி ஒன்று வைத்தோம். குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தினோம். காலை ஏழு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எடுக்காவிடில் எதிர்வீட்டார் கதவைத் திறப்பார்கள். பகலுணவை முறைவைத்து நான்கு குடும்பங்கள் அனுப்புகின்றன. உப்புக் குறைவென்று அம்மையார் எல்லோரையும் கடிந்துகொள்கிறார்!

அரசினர் வழங்கும் வசதிகளையும் நம்மில் பலர் அறியோம். 2021 முதல் நாடெங்கும் இயங்கும் 14567 என்ற எண்ணில் முதியோர் உதவி கேட்கலாம். எழுபது கடந்தோருக்கு வீடு தேடிச் சென்று பணம் வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளைப் பணித்தது. பென்ஷன்தாரர் தம் உயிர்ச்சான்றை விரல் ரேகையாலேயே அளிக்கும் முறை 2014-இல் வந்தது. தபால்காரர் வீட்டுக்கே கருவி கொண்டுவருவார். தனித்து வாழும் முதியோரைப் பதிவு செய்து பார்த்துவரும் பிரிவு டில்லிப் போலீசில் உண்டு. எழுபது வயதானோர்க்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பு 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஆயின் அது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு உதவும்; வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுக்க உதவாது.

அக்குறையை அண்டை வீட்டார் நிறைவு செய்ய இயலும் என்பதற்குக் கேரளமே சான்று. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர்கள் சிலர் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரால் வீடு வீடாகப் பரவியது. 2008-இல் மாநில அரசே அதனைக் கொள்கையாக ஏற்றது.

நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. அறுபது ஆண்டு ஹிந்தியில் அலுவல் பார்த்த பெரியவர் ஒருவர், நினைவு தளர்ந்தபின் தமிழ் மட்டுமே பேசுகிறார். கூலிக்கு வரும் பணியாளுக்கு 'தாகம்' என்ற சொல் விளங்கவில்லை. அவர் தண்ணீர் கேட்டதைச் சண்டை போடுவதாக எண்ணியிருக்கிறாள் அந்தப் பெண். வேண்டிய பத்துச் சொற்களை ஹிந்தி எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவந்தோம். இதை எந்த அரசு அலுவலகமும் செய்து தராது.

விழா முடிந்ததும் வாயிலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். மாடிப்படி ஏறவல்ல இளைஞர்கள் தம் பெயரையும், தனித்திருக்கும் பெரியோர்கள் தம் வீட்டு எண்ணையும் எழுத வேண்டுகிறோம். சாவி கொடுக்கத் தயங்குவோர் காலை அழைப்புக்கு மட்டும் இசைந்தாலும் போதும்.