‘சேர், ஒண்ணுக்குப் போகட்டுமா?’

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் கல்முனைப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)





நாம் கல்முனைக் கரையிலிருந்து வந்திருக்கிறோம். மருதமுனை எங்கள் ஊர். உங்களில் சிலர் கட்டியிருக்கிற சாரம் எங்கள் ஊர்த் தறியில் நெய்ததாக இருந்தாலும் இருக்கும். எங்கள் பகுதியிலிருந்து எத்தனையோ பேர் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து படிப்பித்திருக்கிறார்கள். நாமும் கடற்கரையிலும் மலையிலும் படிப்பித்தவர்கள்தான். ஆகவே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் தெரியும்.

இன்றைக்குப் பேச வந்த விஷயத்தைக் கேட்டால் சிலர் வாயைப் பொத்திச் சிரிப்பீர்கள். வகுப்பு நடக்கும்போது ஒரு சின்னப்பிள்ளை எழுந்து, “சேர், ஒண்ணுக்குப் போகட்டுமா?” என்று கேட்கிறது. “இரு, மணி அடிக்கட்டும்” என்கிறார் ஆசிரியர். இதுதான் விஷயம். இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் கரையில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மூன்று தடவை கையை உயர்த்திக் கேட்டிருக்கிறது. மூன்று தடவையும் “இரு” என்ற பதில்தான். நாலாவது தடவை பிள்ளை கேட்கவில்லை. வாங்கிலேயே போய்விட்டது. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அந்தப் பிள்ளையையே துடைக்கச் சொன்னார். அடுத்த நாள் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் வயிற்றுவலி என்றது. உம்மா வெளிநாட்டில், வீட்டுவேலைக்குப் போயிருந்தார். மூத்தம்மாதான் வளர்க்கிறார். அவர் நேரே பாடசாலைக்குப் போய் டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டார். “அல்லாஹ்ட முன்னால தொழக்குள்ளயே ஒண்டுக்க அடக்கிட்டு நிக்கப்படா எண்டு புள்ளையளுக்குச் சொல்லித் தாறீங்க. ஒங்கட முன்னால மட்டும் அடக்கிட்டு இரிக்கணுமா?”

எழுதப் படிக்கத் தெரியாத மனுசி. ஆனால் கேட்ட கேள்விக்கு அந்த இடத்தில் எவரிடமும் பதில் இல்லை. எங்கள் மார்க்கத்தில் மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழுவது கூடாது என்பது சின்ன வயதிலேயே சொல்லித் தரப்படுகிற பாடம். முதலில் போய்விட்டு வா, சுத்தம் செய்துகொள், பிறகு தொழு என்பார்கள். நாட்டுப்புறத்து அரபி ஒருவர் அறியாமல் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கியபோது, பாய்ந்து தடுக்கப் போனவர்களை நபிகள் நாயகம் நிறுத்தினார்கள். அவர் முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பள்ளிவாசலிலேயே அப்படி. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

இனி உடம்பின் கணக்கைப் பாருங்கள். பிள்ளையின் வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அதன் சிறுநீர்ப்பை ஏறக்குறைய எத்தனை மில்லிலீற்றர் கொள்ளும் என்று தெரிந்துவிடும். இது வைத்தியர்கள் பாவிக்கிற கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு 240 மில்லிலீற்றர். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். வளர்ந்தவர்களுக்கு 400, 500 வரை கொள்ளும். அதனால்தான் எங்களால் பொறுக்க முடிவது பிள்ளையால் முடிவதில்லை. சின்னப்பிள்ளைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. விளையாட்டிலோ பாடத்திலோ மனம் போயிருந்தால் முட்டுகிற வரைக்கும் அதற்குத் தெரியாது. தெரிந்தவுடன் அவசரம்தான். “இவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு இப்ப என்ன திடீரென்று?” என்று ஆசிரியர் கேட்பார். ஆறு வயதில் அது திடீரென்றுதான் வரும்.

உங்கள் பிள்ளையின் காலையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பிரட்டுக்குப் போகவேண்டும் என்பதால் பிள்ளையும் ஐந்தரைக்கு எழும்பி விடுகிறது. ஆறு மணிக்கு லயத்துப் பக்கம் போய்வருகிறது. ரொட்டியும் பிளேன்டியும். பிறகு மலைப்பாதையில் நடை. ஏழரைக்குப் பாடசாலை தொடங்கும். இடைவேளை பத்தரை அளவில்தான். ஆக நாலரை மணித்தியாலம். பாடசாலைப் பிள்ளை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போவதுதான் சரீரத்தின் ஒழுங்கு. எங்கள் கல்முனையில் வெயில் கொளுத்தும், பாதித் தண்ணீர் வியர்வையாய்ப் போய்விடும். இங்கே குளிர். குளிரில் உடம்பு கூடுதலாகச் சிறுநீரை வெளியேற்றும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடக்கி அடக்கிப் பழகினால் என்ன வரும்? சிறுநீர் தேங்கினால் கிருமி பெருகும். எரிச்சலும் அடிவயிற்று நோவும் காய்ச்சலும் வரும். பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர் வழி குட்டையானபடியால் அவர்களுக்கே இது அதிகம். கிருமி மேலேறினால் சிறுநீரகத்தைப் பிடிக்கும். மலத்தை அடக்கினால் அது இறுகி, சிறுநீர்ப்பையை நெருக்கி, பகலிலேயே உடுப்பு நனையத் தொடங்கும். பிள்ளைக்கு “அசிங்கம் பிடித்தது” என்று பெயர் வைத்துவிடுவோம். வருத்தம் பிள்ளையிடம் இல்லை, அடக்கச் சொன்னதில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கத்துக்கு மாறாக ஒரு பிள்ளை அடிக்கடி போய், தண்ணீரும் அதிகம் குடித்து, மெலிந்து சோர்ந்து போனால் அது சீனி வருத்தமாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையைத் தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வகுப்பில் அதைத் திட்டி உட்கார வைத்தால், நோய் காட்டிய அடையாளத்தையே மூடி வைத்ததாகிவிடும்.

ஆசிரியர் பக்கமும் பேசத்தான் வேண்டும், நாமும் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அல்லவா. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பு. ஒருவன் போனால் பின்னால் நாலு பேர் எழும்புவார்கள் என்பது மெய். பாடத்துக்குக் கள்ளமாக வெளியே போகிறவனும் உண்டு. வெளியே போன பிள்ளை விழுந்து கை முறித்தால் பதில் சொல்லவேண்டியவர் ஆசிரியர். இதெல்லாம் நியாயமான பயம்தான். ஆனால் ஒருவர் திரும்பி வந்த பிறகு அடுத்தவர் என்று வைத்தால் கூட்டமாக ஓட மாட்டார்கள். ஒரு மட்டையை வாசலில் தொங்கவிட்டு, அதை எடுத்தவர் போகலாம் என்று வைத்த வகுப்புகளை நாம் பார்த்திருக்கிறோம். கள்ளனுக்குப் பயந்து நாற்பது பேரையும் கட்டிவைக்கத் தேவையில்லை.

அநேக இடங்களில் ஆசிரியர் விடாததற்கு உண்மையான காரணம் வேறு. போக இடம் இல்லை. எங்கள் கரையில் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனது உங்களுக்குத் தெரியும். மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடி என்று கரையோரம் அழிந்தது. பிறகு வெளிநாட்டு உதவியில் கட்டடங்கள் எழும்பின, மலசலகூடங்களும் எழும்பின. திறப்பு விழாவுக்கு நாடா வெட்டினார்கள். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் சில இடங்களில் தண்ணீர் மோட்டார் பழுது, குழாய் உடைந்திருக்கும், கதவில் பூட்டுத் தொங்கும். கேட்டால் “பிள்ளைகள் அசிங்கப்படுத்துகிறார்கள், அதனால் பூட்டியிருக்கிறோம்” என்பார்கள். ஆசிரியர்களுடையது மட்டும் சுத்தமாக இருக்கும், அதன் திறப்பு அலுவலகத்து ஆணியில் தொங்கும். தண்ணீர் இல்லாத இடத்துக்கு எங்கள் பிள்ளைகள் போகவே மாட்டார்கள். சுத்தம் செய்யாமல் வந்தால் உடுப்பு அசுத்தம், தொழ முடியாது. ஆகவே அடக்குவார்கள். அதைவிடச் சுலபமாக, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள்.

பெண் பிள்ளைகள் 25 பேருக்கு ஒரு மலசலகூடம், ஆண் பிள்ளைகள் 50 பேருக்கு ஒன்றும் அதோடு சிறுநீர் கழிக்க ஓரிடமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2009இல் அளவு வகுத்தன. உங்கள் தோட்டப் பாடசாலையில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மலசலகூடம், அதில் எத்தனை திறந்திருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கேரளத்தில் 2019இல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே பாடசாலைகளில் மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். குடித்த தண்ணீர் வெளியே போகவும் வழி விடவேண்டும் அல்லவா?

இப்போது தாய்மாரிடம் ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். இந்த விஷயத்தில் உங்களைவிட விபரம் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. காலையில் கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறினால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நீங்கள் எங்கே போகிறீர்கள்? தேயிலைத் தூருக்குப் பின்னால், யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து. இல்லையென்றால் அடக்கிக்கொண்டு. அதற்காகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் எத்தனை பேர்! கங்காணி ஆம்பிளை என்றால் கேட்கக்கூட வாய் வராது. அடக்குவது பொம்பிளைப் பிள்ளையின் பழக்கம் என்று உங்கள் தாய் உங்களுக்குச் சொல்லித் தந்தார். நீங்கள் மகளுக்குச் சொல்லித் தருகிறீர்கள். “வீட்டிலேயே போய்ட்டுப் போடி, ஸ்கூல்ல கேக்காத, டீச்சர் ஏசுவாங்க.” பிள்ளை வகுப்பில் வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். மலையிலும் வேலைத்தலத்தில் மலசலகூடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது வேறு கூட்டத்துக்கு உரிய பேச்சு, கட்டாயம் பேசவேண்டிய பேச்சு. ஆனால் பிள்ளையின் வாயை இப்போதே கட்டிவிடாதீர்கள்.

வயதுக்கு வந்த பிள்ளைகள் விஷயம் இன்னும் பாரமானது. எங்கள் முஸ்லிம் மாணவிகளின் சீருடை தலைமுதல் கால்வரை வெள்ளை. உங்கள் பிள்ளைகளுக்கும் வெள்ளைச் சட்டைதான். ஒரு சொட்டுப் பட்டாலும் தெரியும். அந்த நாளில் “டீச்சர், வெளியே போகவேணும்” என்று கேட்கிற பிள்ளையிடம் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி “ஏன்?” என்று கேட்கலாமா? 2017 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டுப் பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, உடுப்பில் பட்ட கறைக்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டதாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டாள் என்று செய்தி வந்தது. பன்னிரண்டு வயது. இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் நாட்டில் 2024ஆம் ஆண்டு கல்வி அமைச்சு பின்தங்கிய பாடசாலை மாணவிகளுக்கு ஆரோக்கியத் துவாய் வாங்க வவுச்சர் கொடுத்தது. துவாய் கையில் இருந்தாலும் மாற்றுவதற்குக் கதவுள்ள ஓர் இடமும், போக அனுமதியும் வேண்டும்.

இது சின்ன விஷயம் அல்ல என்று வேறு நாட்டு நீதிமன்றத்திலும் தீர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 2012இல் 14 வயது மாணவி ஒருத்தி வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்டாள். ஆசிரியை விடவில்லை. பக்கத்துச் சாமான் அறையில் ஒரு வாளி இருக்கிறது, அதில் போ என்றார். பிள்ளை போனது. கதை பரவியது, கேலி தாங்க முடியாமல் பாடசாலை மாறவேண்டியதாயிற்று. 2017 ஜனவரியில் ஜூரிகள் பன்னிரண்டரை லட்சம் டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள்.

நம் நாட்டில்? 1991இல் இலங்கை சிறுவர் உரிமைச் சாசனத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மானத்துக்குப் பங்கம் வராதபடி இருக்கவேண்டும் என்பது அதிலே உள்ளது. உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் காதில் அறைந்து கேட்கும் சக்தி பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்த்தது. இழிவாக நடத்துவதையும் தடுக்கிற உறுப்புரை அது. அடித்தால்தான் தண்டனை என்று நினைக்கிறோம். நாற்பது பேர் முன்னால் ஒரு பிள்ளையை நனைய வைப்பதை என்னவென்று சொல்வது?

சரி, என்ன செய்யலாம்? முதலாவது, ஆசிரியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளைக்குத்தான் பிறகு கஷ்டம். வேலை இல்லாத நாளில் தனியாகப் போய், “சேர், இவன் கேட்டா விடுங்க, பொய் சொல்ல மாட்டான், சொன்னா எங்கிட்ட சொல்லுங்க” என்று சொல்லுங்கள். அநேகமான ஆசிரியர்கள் அதோடு சரியாகிவிடுவார்கள். பிள்ளைக்கு வருத்தம் இருந்தால் டிஸ்பென்சறியிலோ ஆஸ்பத்திரியிலோ ஒரு துண்டு எழுதி வாங்கிக் கொடுங்கள். நடக்கவில்லையென்றால் அதிபர், அதற்கு மேல் வலயக் கல்வி அலுவலகம். பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்ற நிலை வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம், பணம் செல்லாது.

வீட்டில் பிள்ளைக்கு இதைச் சொல்லி வையுங்கள்: இரண்டு தரம் கேட்டும் விடாவிட்டால், தாங்க முடியாத அவசரம் என்றால், எழுந்து போ. ஏச்சு வந்தால் அம்மா வந்து பேசுவேன். இப்படிச் சொன்னால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறீர்கள். வாங்கில் நனைந்த பிள்ளை பாடசாலையை விட்டே நின்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். கேட்டுவிட்டு எழுந்து போனதால் கெட்ட பிள்ளையைக் கண்டதில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அநேகமாக ஆம்பிளைகள்தான் போகிறீர்கள். பேச்சு முழுவதும் விளையாட்டுப் போட்டியும் மதிலும்தான். அடுத்த கூட்டத்துக்கு நாலு தாய்மாராவது போங்கள். ஒரு நாள் பேர் போகும்தான், தெரியும். முறை வைத்துப் போகலாம். போனதும் மலசலகூடத்தை நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்கு உள்கொளுக்கி இருக்கிறதா, வாளி இருக்கிறதா என்று பாருங்கள். கழுவ ஆள் இல்லை என்றால் அதற்கு என்ன வழி என்று அங்கேயே பேசுங்கள். கதவில் பூட்டு இருந்தால், அதற்கு நாங்கள் திறப்பு என்போம், நீங்கள் சாவி என்பீர்கள், அது யாரிடம் இருக்கிறது, இடைவேளைக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு அவசரம் வந்தால் யாரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று விசாரித்து, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.