பொதுவழி யாவர்க்கும் பொது

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. செயலாளர் அவர்கள் அதனைச் சிறப்புறச் செய்துவிட்டார்கள். நான் ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறேன். அக்குறையில் எனக்கும் பங்கு உண்டு.

தொடக்க காலத்தில் நம் மாலை வகுப்பு ஒரு மாடியறையில் நடைபெற்றதை மூத்தோர் அறிவர். அங்கே நான் கணக்குப் பாடம் நடத்தி வந்தேன். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் வலுவிழந்த ஒரு சிறுவன் கீழ்ப்படியில் அமர்ந்து, மேலிருந்து கேட்கும் பாடத்தைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டிருப்பான். அவன் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர். மகனைத் தூக்கிக்கொண்டு மாடியேற அவருக்கு எல்லா நாளும் இயலவில்லை. இரண்டு திங்கள் சென்றபின் சிறுவன் வருவதை நிறுத்திவிட்டான். "படிப்பில் நாட்டமில்லை" என்று எழுதி, வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்தவன் நான்தான். நாட்டமில்லாதவனா இரண்டு திங்கள் படியிலே அமர்ந்து பாடம் கேட்டிருப்பான்? வகுப்பைக் கீழே கொண்டுவரலாம் என்னும் எளிய எண்ணம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோழர்களே! வாயிலுக்கு வெளியே நிற்பதன் துயரத்தை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் பொது அலுவலகத்திலும் எச்சாதியினருக்கும் தடையிருத்தல் ஆகாது என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பம்பாய் மாகாணத்திலோ, 1923லேயே அத்தகைய தீர்மானம் நிறைவேறியும் மகாத் நகரக் குளத்தின் நீரை நம்மவர் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று அள்ளிப் பருகினார். தீர்மானம் ஏட்டில் இருந்தது. மக்கள் நடந்தபோதுதான் அது உயிர்பெற்றது.

பின்னர் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்னும் காரணங்களால் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அந்த வரிசையில் உடற்குறை இடம்பெறவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவையே 1995ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-உம் ஆகும்.

இச்சட்டம் கூறுவதை இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குதல் குற்றம். அவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் ஒதுக்குதலே ஆகும். அரசு வேலையில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடும், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையோருக்கு ஒதுக்கப்பட வேண்டும். பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த ஓர் அரசு ஊழியரை அதன் பொருட்டு வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடக் கடமைப்பட்டவை. நம் வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் பூட்டுத் தொழிலகங்களுக்கும் இக்கடமை உண்டு.

கட்டடங்களைப் பொறுத்தவரை, விதிகளுக்கு இணங்காத வரைபடத்திற்கு அனுமதி வழங்கலாகாது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும் என்ற கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பொதுக் கட்டடம் என்பது அரசின் கட்டடம் மட்டுமன்று. பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடமும் அதில் அடங்கும். பொதுமக்கள் காண ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அறிந்த நமக்கு இச்சொற்கள் புதியன அல்ல.

இத்தனை இருந்தும் நிலைமை ஏன் மாறவில்லை? சட்டத்திற்குத் தானே நடக்கும் கால்கள் இல்லை என்பதே விடை. அமெரிக்க நாட்டில் அரசுப் பணம் பெறும் நிறுவனம் உடற்குறையுடையோரை ஒதுக்கலாகாது என்று 1973இல் சட்டம் செய்தனர். அதன் விதிகள் ஏறத்தாழ நான்காண்டு காலம் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரின் அரசுக் கட்டடத்தில் சக்கர நாற்காலியில் வந்தோரும் பார்வையற்றோரும் செவித்திறன் அற்றோருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேற மறுத்தனர். அவர்களுக்குச் சமைத்த உணவை நாள்தோறும் சுமந்து வந்தவர்கள் கறுப்பின மக்களின் பிளாக் பாந்தர் கட்சியினர். 1972இல் தோன்றிய நம் தலித் பாந்தர் இயக்கம் தன் பெயரை எடுத்துக்கொண்டது அக்கட்சியிடமிருந்துதான். ஏப்ரல் 28 அன்று விதிகள் கையொப்பமாயின. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் மற்றொரு மக்களுக்குச் சோறு சுமந்த அந்த வரலாறு நமக்கு வழிகாட்ட வேண்டும்.

நம் நாட்டிலும் இதே கதைதான். வசதிகள் குறித்த அளவுகளைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரையாக விட்டிருந்த 15ஆம் விதி சட்டத்திற்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. ராஜீவ் ரதூரி என்னும் பார்வைக் குறைபாடு உடையவர் 2005இல் தொடுத்த வழக்கு அது. ஒரு மனிதரின் விடாமுயற்சிக்கு விளைந்த பயனைப் பாருங்கள்.

நம் சமூகத்தில் உடற்குறையுடன் பிறந்தவர் இரட்டைச் சுமை தாங்குகிறார். ஊர் அவரைச் சாதியால் விலக்குகிறது. நாமோ இரக்கத்தால் விலக்குகிறோம். "பாவம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்பதும் ஒரு சேரிச்சுவரே. மாற்றுத்திறனாளிகளும் சமூகத்தில் பின்தங்கியோரே, பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகளை அவர்களும் பெறலாம் என்று 2020இல் ஆர்யன் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் போராட்டத்தின் பயனை மற்றொரு கூட்டத்தார் பகிர்ந்துகொள்வதில் நமக்குப் பெருமையன்றிக் குறைவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, நம் வாயிலைத் திருத்துவோம். இந்தப் படிப்பகத்தின் முன்னே ஆறு அங்குலப் படிகள் மூன்று உள்ளன. ஓர் அங்குல உயரத்திற்கு ஓர் அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. பதினெட்டு அங்குலத்திற்குப் பதினெட்டு அடி வேண்டும், கைப்பிடியும் வேண்டும். இடம் இருக்கிறது. கொத்தனார்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு தெருவிலும் உள்ள மாற்றுத்திறனாளிகளைச் சந்தித்து, அடையாள அட்டை இல்லாதோரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு இளைஞர்கள் அழைத்துச் செல்ல வேண்டும். சான்று இல்லையேல் இடஒதுக்கீடும் இல்லை.

மூன்றாவது, வேலையில் அநீதி இழைக்கும் அரசு அலுவலகத்தில் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். இரண்டு வாரத்திற்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதில் நிறைவில்லையெனில் மாவட்டக் குழுவை நாடலாம். எந்த அலுவலகத்திலும் ஏற வழியில்லையெனில், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்தச் சிறுவன் இப்போது நடுவயதை நெருங்கியிருப்பான். நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் அமர்ந்து சாவிக்கு அரம் போடுவதாகக் கேள்விப்பட்டேன். சென்ற வாரம் தேடிச் சென்று, விழாவிற்கு வருமாறு அழைத்தேன். "படி இருக்குமே, சார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு விழாவிற்கு அவனை அழைக்கும்போது அந்தச் சொல்லை நான் மீண்டும் கேட்கக்கூடாது. அதற்கு உங்கள் துணையை வேண்டுகிறேன்.