விலகினாரா, விலக்கப்பட்டாரா? – கெடா தந்த இரு தலைவர்களும் ஒரு கட்சியின் தராசும்



மொழி மன்றத்தின் மேடையில் ஓர் அரசியல் கட்சியின் உட்பூசலைப் பேசலாமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பேசலாம் என்பது என் துணிபு. 'விலகினார்' என்பது தன்வினை. 'விலக்கினர்' என்பது பிறவினை. 'விலக்கப்பட்டார்' என்பது செயப்பாட்டுவினை. இவற்றை நாம் கரும்பலகையில் எழுதி, மாணவர்களிடம் வேறுபாடு கேட்கிறோம். ஒரு ககரம் இரட்டித்த அளவில் செயலுக்கு உரியவர் மாறிவிடுகிறார் என்று விளக்குகிறோம். ஒரு கட்சி தன் தலைவரோடு உறவை முறிக்க எண்ணும்போது, அதன் முன்னோர் தேடி அலைவதும் இந்த வினைச்சொல்லைத்தான். எந்த வினையை ஊரறியச் சொல்வது, எதை உள்ளே வைத்துக்கொள்வது என்பதில்தான் அவர்களின் ஆலோசனை முழுவதும் அடங்கியிருக்கிறது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பண்டைத் தமிழர் கடாரம் என்றழைத்த இந்தக் கெடா மண்ணிலேயே சான்று இருக்கிறது.

அலோர்ஸ்டாரில் பிறந்தவர் துங்கு அப்துல் ரகுமான். அதே அலோர்ஸ்டாரில் பிறந்தவர் டாக்டர் மகாதீர் முகமது. முன்னவர் 1903-இல் சுல்தான் அப்துல் ஹமீதின் மகனாக அரண்மனையில் பிறந்தார். பின்னவர் 1925-இல் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பின்னாளில் சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரி எனப் பெயர்பெற்ற பள்ளியில் இருவருமே படித்தவர்கள். முன்னவர் நாட்டின் முதல் பிரதமர். பின்னவர் நான்காம் பிரதமர். 1969-இல் இவ்விருவருக்கும் இடையே எழுந்த மோதல், அம்னோ கட்சியின் தலைவர்களை ஒரு பெரிய கேள்வியின் முன் நிறுத்தியது.

அக்கேள்வி அம்னோவுக்குப் புதியதன்று. 1946 மே மாதம் ஜொகூர் பாருவில் தொடங்கப்பெற்ற அக்கட்சியின் நிறுவனர் டத்தோ ஓன் ஜாஃபார். மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து மலாய் மக்களை ஒன்று திரட்டியவர் அவர். அவரே சில ஆண்டுகளில், கட்சியின் கதவை மலாய்க்காரர் அல்லாதார்க்கும் திறக்க வேண்டும் என்றார். கட்சி ஒப்பவில்லை. 1951-இல் அவர் வெளியேறி மலாயா சுதந்திரக் கட்சியைத் தோற்றுவித்தார். அந்த வெற்றிடத்தில்தான் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் துங்கு கட்சித் தலைவரானார்.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'பிளவுபடுத்தும் தலைவர்' என்று ஒருவரைச் சுட்டும்போது, அவர் யாரை யாரிடமிருந்து பிளக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஓன் ஜாஃபார் பகைமையை விதைத்ததால் ஒதுக்கப்படவில்லை. பிறரையும் சேர்த்துக்கொள்ள விழைந்ததால் கட்சியைப் பிளப்பவர் ஆனார். பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் துங்குவின்மேல் விழுந்த குற்றச்சாட்டும் இதனோடு உறவுடையதே.

துங்கு கெடாவின் மாவட்டங்களை நடந்து அறிந்தவர். கூலிம், குவாலா நெராங், லங்காவி, சுங்கைப்பட்டாணி ஆகிய இடங்களில் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர். ரப்பர்த் தோட்டங்களும் அவற்றின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்புகளும் அவர் கண்முன் இருந்தவை. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்றையும் கூட்டணியாக இணைத்து 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலையை அறிவித்தவர். அந்நாளில் அவரே ஒற்றுமையின் முகம். அதே முகம் பன்னிரண்டே ஆண்டுகளில் கட்சியின் பிளவுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

1969 மே 10 அன்று பொதுத்தேர்தல் நடந்தது. கூட்டணி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டாலும் பலத்த அடி வாங்கியது. பினாங்கு மாநிலம் கெராக்கானிடம் போயிற்று. பேராவிலும் சிலாங்கூரிலும் நிலைமை தள்ளாடியது. கெடாவில், கோத்தா ஸ்டார் செலாத்தான் தொகுதியில், மகாதீரே பாஸ் கட்சியின் யூசோப் ராவாவிடம் ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகளில் தோற்றார். மே 13-இல் கோலாலம்பூரில் கலவரம் மூண்டது. அதிகாரபூர்வக் கணக்கின்படி 196 பேர் மாண்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது, துணைப்பிரதமர் துன் அப்துல் ரசாக் தலைமையில் அமைந்த தேசிய நடவடிக்கை மன்றத்தின் கைக்கு அதிகாரம் மாறிற்று. துங்கு பிரதமராகவே இருந்தார். ஆனால் ஆணைகள் வேறிடத்திலிருந்து பிறந்தன.

ஜூன் 17-ஆம் நாளிட்டு மகாதீர் துங்குவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சீனர்க்கு அளவின்றி விட்டுக்கொடுத்தீர்கள், மலாய் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டீர்கள், பதவி விலகுங்கள் என்பதே அதன் சாரம். தலைவர் ஒருவர்க்கு எழுதிய மடல் என்ற எல்லைக்குள் அது நிற்கவில்லை. படியெடுக்கப்பட்டு ஊரெங்கும் பரவியது. மலாயாப் பல்கலைக்கழக மாணவரிடையே துங்கு விலக வேண்டும் என்ற குரல் ஓங்கியது.

இப்போது ரசாக்கின் இடத்திலும், ஓய்விலிருந்து திரும்பி வந்து உள்துறைப் பொறுப்பை ஏற்றிருந்த டாக்டர் இஸ்மாயிலின் இடத்திலும் நம்மை நிறுத்திப் பார்ப்போம். தராசின் ஒரு தட்டில் இருந்தது என்ன? தேர்தலில் கட்சியை விட்டு நழுவிய மலாய் வாக்குகள், இளைஞரின் சினம், துங்குவின் காலம் முடிந்துவிட்டது என்று கட்சிக்குள்ளேயே பரவிய கருத்து. மறுதட்டில் இருந்தது என்ன? விடுதலை வாங்கித் தந்தவர் என்ற பெருமை. அவரைத் தெருவின் கூச்சலுக்குப் பலிகொடுத்தால் நாளை எந்தத் தலைவரும் அக்கூச்சலுக்குத் தப்ப முடியாது என்ற அச்சம். குருதி காயாத தலைநகரம். இவற்றோடு நன்றிக்கடனும் இருந்தது. ரசாக்கை உடன்வைத்து வளர்த்தவர் துங்கு. திருக்குறளில் 'பெரியாரைப் பிழையாமை' என ஓர் அதிகாரம் இருப்பதை நாம் அறிவோம். 'தெரிந்து செயல்வகை' என இன்னோர் அதிகாரம் இருப்பதையும் அறிவோம். பெரியவரைப் பிழையாமலும் காலம் அறிந்து செயல்படாமல் இராமலும் ஒருசேர நடப்பது எவ்வளவு அரிது என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின.

அவர்கள் கண்ட வழி இது. கடிதம் எழுதியவரை முதலில் தண்டித்தனர். ஜூலை 12-இல் மகாதீர் அம்னோ உச்சமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். பின்னர்க் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் பக்கம் நின்ற மூசா ஹீத்தாம் துணையமைச்சர் பொறுப்பை இழந்து, படிப்பதற்காக இங்கிலாந்து சென்றார். துங்குவின் பெருமை காக்கப்பட்டது. அதன் பின்னர், ஏறத்தாழ ஓராண்டுக்கும் மேல் பொறுத்திருந்து, அவர் தாமே விலகுவதற்கு உரிய ஒரு வாயில் திறந்தது. கெடா சுல்தான் அப்துல் ஹலீம் நாட்டின் மாமன்னராக 1970 செப்டம்பரில் பொறுப்பேற்கவிருந்தார். அவர் துங்குவின் அண்ணன் மகன். உறவில் அண்ணன் மகனாக வருபவரின்கீழ்த் தாம் பிரதமராக இருப்பது பொருந்தாது என்று துங்கு கூறினார். செப்டம்பர் 22-இல் அவர் பதவி விலக, ரசாக் பிரதமரானார்.

ஆகவே ஊரறிந்த வினைச்சொல் 'விலகினார்' என்பதே. இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆயினும் அத்தன்வினைக்குள் ஒரு செயப்பாட்டுவினை ஒளிந்திருந்தது என்பதை வரலாற்று மாணவர் எவரும் உணர்வர். நான் இதை வஞ்சகம் என்று சொல்லமாட்டேன். குருதி சிந்தாமல், தலைவரின் மதிப்புக் குலையாமல் ஆட்சி கைமாறியது ஒரு நாட்டின் நற்பேறு. விடுதலை பெற்ற எத்தனையோ நாடுகளில் முதல் தலைவர் படைவீரரின் துப்பாக்கி முனையில்தான் இறங்கினார். கானாவின் நிக்ருமா 1966-இல் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோதே பதவி பறிபோனது. அவற்றோடு ஒப்பிட்டால் ரசாக், இஸ்மாயில் ஆகியோரின் பொறுமைக்குத் தனிச் சிறப்பு உண்டு.

ஆனால், அன்பர்களே, அந்தத் தராசில் ஏறாத ஒரு தட்டு இருந்தது. அதைப் பேசாமல் இப்பொழிவை முடித்தால் நான் கெடாத் தோட்டங்களுக்கு நேர்மையாக நடந்தவன் ஆகேன்.

துங்கு 'பிறர்க்கு' மிகுதியாகக் கொடுத்தார் என்பது வாதம். அந்தப் 'பிறர்' யார்? பீடோங்கிலும் பாடாங் செராயிலும் லூனாசிலும் விடியுமுன் எழுந்து மரஞ்சீவிய நம் மக்களும் அச்சொல்லுக்குள் அடங்கியவரே. அவர்கள் பெற்றது எவ்வளவு? 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதைத் தடுக்க அன்றைய அரசு உறுதியான சட்டம் இயற்றவில்லை. அந்த வேதனையிலிருந்து பிறந்ததே, துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர் தம் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தால் அது முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட மக்கள், தாமே பணம் போட்டு மண்ணை வாங்க வேண்டியிருந்தது என்பதே உண்மை.

இன்னொன்று, குடியுரிமை. விடுதலைக்குப் பின் இம்மண்ணில் பிறந்தவர்க்கு அது பிறப்புரிமையாயிற்று. முன்னரே குடியேறியிருந்தவர் விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. எழுத்தறியாதார், பத்திரம் இல்லாதார், 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தார் பலர். அவர்கள் கையில் இருந்தது சிவப்பு அடையாளக்கார்டு. 1968-இல், துங்குவின் ஆட்சியிலேயே, குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டம் வந்தது. 1969-க்குப் பின் அது முனைப்புடன் நடைமுறைக்கு வந்தது. வேலை பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறியோர் ஏறத்தாழ 60,000 பேர் என்பது வரலாற்று நூல்கள் பலவற்றில் காணும் கணக்கு. நாடாளுமன்றமோ 1971 பிப்ரவரி வரை, ஏறத்தாழ 21 மாதங்கள், கூடவில்லை. தலைவரை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று மேலிடம் நிறுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பம் தன் தட்டுமுட்டுப் பொருள்களை நிறுத்துப் பார்த்தது: எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று. தகப்பனுக்குச் சிவப்புக் கார்டு, பிள்ளைக்கு நீலக் கார்டு என்றிருந்த வீடுகளில் 'பிரிவு' என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது.

நம் மக்கள் அரசியல் அறியாதவர் என்று இதற்குக் காரணம் சொல்லமுடியாது. 1946, 47-ஆம் ஆண்டுகளில் இதே கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கடைகளை எதிர்த்ததும், கூலிக்கும் மானத்துக்கும் போராடியதும் நாம் அறிந்ததே. குரல் இருந்தது, அக்குரல் எட்டும் தொலைவில் அவை இல்லை.

நம் வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். 1955 முதல் ம.இ.கா.வின் தலைவராக இருந்த சம்பந்தனோடு ஒரு சாராரும், துணைத்தலைவர் வெ. மாணிக்கவாசகத்தோடு மறு சாராரும் நின்று கட்சி இரண்டுபட்டபோது, 1973-இல் அதைத் தீர்த்துவைத்தவர் ரசாக். அங்கும் சம்பந்தன் 'விலகினார்'. பின்னர் 1979 முதல் கட்சியை நடத்திய ச. சாமிவேலு, 2008 மார்ச்சில் சுங்கை சிப்புட்டில் தோற்ற பின்னரும் 2010 டிசம்பர் வரை தலைமையில் இருந்தார். தலைவரின் காலம் எப்போது முடிகிறது என்பதைத் தாமே கூடிப் பேசித் தீர்மானிக்கும் பழக்கம் நம்மிடமும் வலுப்பெறவில்லை.

நீக்கப்பட்ட மகாதீரின் கதைக்குத் திரும்புவோம். 1972-இல் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டார், 1981-இல் பிரதமரானார். 1987 ஏப்ரலில் தெங்கு ரசாலி ஹம்சா அவரை எதிர்த்தபோது 761-க்கு 718 என, 43 வாக்குகளில் தப்பினார். அன்று எதிரணியில் நின்றவர் அதே மூசா ஹீத்தாம். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அம்னோவைச் சட்டத்துக்குப் புறம்பான சங்கம் என்றது. மகாதீர் புதிய அம்னோவைப் பதிவு செய்தார். முதிய துங்குவோ எதிர்ப்பக்கம் நின்றார். இரு முறை அம்னோவை விட்டுத் தாமே வெளியேறிய மகாதீர், 2018-இல் வேறு கட்சியின் வழி மீண்டும் பிரதமரானார். 2020-இல் அந்தக் கட்சியும் அவர் உறுப்பியத்தை நீக்கியது. 2022-இல் அவர் தம் சொந்த மாநிலத்து லங்காவித் தொகுதியில் வைப்புத்தொகையையும் இழந்தார். விலகுதல், விலக்கல், விலக்கப்படுதல் ஆகிய மூன்று வினைகளும் ஒருவர் வாழ்விலேயே அமைந்துவிட்டன.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் மூன்று கேள்விகளை விட்டுச் செல்கிறேன். ஒரு தலைவர் விலகினார் என்று செய்தி படித்தால், வினையின் எழுவாய் யார் என்று கேளுங்கள். அவர் பிளவுபடுத்துகிறார் என்று படித்தால், யாரை யாரிடமிருந்து என்று கேளுங்கள். அவரை விடுவதா, வைத்திருப்பதா என்று பெரியோர் கூடி ஆராய்கிறார்கள் என்று படித்தால், அந்த முடிவின் விலையைக் கொடுக்கப்போகிறவர் அந்த அறையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். 1969-இல் அம்முடிவின் விலையைக் கொடுத்தோருள் பலர் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தனர். அவர்களுக்கு 'விலகினர்' என்ற வினை பொருந்தாது.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை தன்வினை, பிறவினை நடத்தும்போது இந்த எடுத்துக்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.