ஆர்மேனியர் கட்டிய படிகள்
(யூபிலி விழா உரை)



பரங்கிமலைக்குத் திருயாத்திரை சென்றவர்கள் அங்குள்ள படிகளை அறிவீர்கள். அவற்றை அமைத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர். யாத்ரீகர் அடையாற்றைக் கடக்க 1726-ல் சைதாப்பேட்டையில் பாலமும் கட்டினார்.

அவருடைய இனம், புனித கிரகோரியாரின் போதனையால் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசனோடு மெய்மறையைத் தழுவியது. பின்னர் நாடிழந்து சிதறியது. 1915 முதல் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஆயினும் விசுவாசத்தை விடவில்லை.

சென்னையில் அவர்கள் 1772-ல் எழுப்பிய மரியன்னை ஆலயம் இன்றும் நிற்கிறது. அங்கே வழிபட ஆர்மேனியர்தாம் ஏறக்குறைய இல்லை. படிகளிலோ, நம் பாதங்கள் ஏறுகின்றன.

நம் முன்னோர் நமக்கு ஆலயம் தந்தார்கள். நம் பிள்ளைகள் ஏறிவர நாம் எந்தப் படியைக் கட்டப்போகிறோம்? இந்த யூபிலியில் சிந்திப்போம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!